விற்கவா, விளையாடவா

போன டிசம்பரில் புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு வெளியே பாசிமணி விற்கும் நரிக்குறவர் அம்மா ஒருவரிடம் மணி வாங்கப் போனேன். கோத்த மாலை வேண்டாம், உதிரி மணிதான் வேண்டும், சிவப்பு வெள்ளை பச்சையில் என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "விக்கிறதுக்கா தம்பி, புள்ளைங்க வெளையாடறதுக்கா?"

சாதாரண வியாபாரக் கேள்விதான். விற்பதற்கு என்றால் துளை ஒரே அளவாக இருக்க வேண்டும், சாயம் போகக் கூடாது, கண்ணாடி மணியாக எடுக்க வேண்டும். விளையாட என்றால் பிளாஸ்டிக்கே போதும். "வெளையாடத்தான்" என்றேன். பிளாஸ்டிக் மணிப் பொட்டலத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து கருப்பு மணி கோத்துக்கொண்டிருந்தாள். கண் சாலையில் இருந்தது, கை தன் பாட்டுக்கு ஊசியில் மணியை ஏற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்க வாயெடுத்தேன். அரையாண்டு விடுமுறை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவளுக்கும் லீவு, நான் மணி வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கும் லீவு.

அரியாங்குப்பம் பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன வாசிப்பு அறை ஒன்று இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யச் சொல்லித் தருவது என் பொறுப்பு. அந்த மாதத்தில் ஊர் முழுக்கக் காகித நட்சத்திரம் தொங்கும். இந்த முறை நாமே மணியில் நட்சத்திரம் செய்வோம் என்று முடிவு பண்ணியிருந்தேன். செய்முறை சுலபம். மெல்லிய கம்பியை ஒரு சாண் நீளத்தில் மூன்று துண்டாக வெட்டி, நடுவில் சேர்த்து முறுக்கினால் ஆறு கால் கிடைக்கும். ஒவ்வொரு காலிலும் நடுவிலிருந்து ஒரே வரிசையில் மணி ஏற்ற வேண்டும்: ஒரு பெரிய சிவப்பு, இரண்டு வெள்ளை, ஒரு பச்சை, மறுபடி வெள்ளை. நுனியைக் குறட்டால் சுருட்டிவிட்டால் மணி கழன்று வராது, குத்தவும் செய்யாது. ஒரு காலில் மட்டும் நூல் கட்டத் தோதாக வளையம் விட வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கம்பி சரிப்படாது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பஞ்சு சுற்றிய பைப் கிளீனரைக் கொடுத்தால் மணி வழுக்காமல் அங்கங்கே நிற்கும். சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி ஏற்றி, தலையை வளைத்தால் கைத்தடி மிட்டாய். சாந்தா கிளாஸ் கையில் இருப்பதுதானே என்று அவர்களே பெயர் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயம் மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். மணியைத் தட்டில் கொட்டக் கூடாது, உருண்டு ஓடிவிடும். பழைய டர்க்கி டவலை விரித்து அதன்மேல் கொட்ட வேண்டும். துண்டின் நூல் வளையங்களுக்குள் மணி சிக்கி நிற்கும், கம்பி நுனியாலேயே குத்தி எடுக்கலாம். இது என் அம்மாவின் உத்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.

பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலோர் இரண்டு காலைத் தாண்டவில்லை. ஒருவன் வரிசை எல்லாம் வேண்டாம் என்று எல்லாக் காலிலும் பச்சையாக ஏற்றி, அது தென்னை மரம் என்றான். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் அதற்குள் மூன்று நட்சத்திரம் முடித்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன், ஒரு மணிகூடத் தப்பவில்லை. எங்கே கற்றாய் என்றேன். "வூட்ல பூ கட்றோம் சார். இது அதவிட ஈஸி." பிறகு நான்காவது கம்பியை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஒன்னுக்கு எவ்ளோ தருவீங்க?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பேருந்து நிலையத்தில் கேட்ட அதே கேள்விதான், இந்த முறை மறு பக்கத்திலிருந்து வருகிறது.

*

அந்த அறையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அரிக்கமேடு. ஆற்றங்கரையில் தென்னையும் மாமரமும் நிற்கும் மேடு. அங்கே தோண்டிக் கிடைத்தவற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ரோமானிய ஜாடிகளைத்தான் முதலில் சொல்வார்கள். மணியைச் சொல்வது குறைவு. ஆனால் அந்த இடத்தை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததில் மணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. 1930களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரரான ழுவோ துப்ரேய் (பல்லவர் கலை பற்றி எழுதியவர்) அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பழம்பொருள்களைக் காசு கொடுத்து வாங்கினார். மண்ணுக்கு மேலே கிடந்த வண்ணக் கற்களும் மணிகளும் அப்படி அவர் கைக்கு வந்தன. அவற்றில் மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் இருந்தது. அது அகஸ்டஸ் சீசரின் முகம் என்று அவர் கருதினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார், பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. அறிக்கைகளில் இவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. மழை விட்டதும் மேட்டில் குனிந்து தேடிய பிள்ளைகளின் பெயர் எங்கேயும் கிடையாது. அவர்களுக்கு அது முதலில் விளையாட்டாகத்தான் இருந்திருக்கும். காசு கொடுக்க ஒருவர் வந்த நாளிலிருந்து வேறாகியிருக்கும்.

அரிக்கமேட்டின் கண்ணாடி மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உருகிய கண்ணாடியை உள்ளே துளை விழும்படி நீளமான குழலாக இழுத்து, ஆறியதும் பொடிப் பொடியாக நறுக்கி, நறுக்கியதை மறுபடி சூடு காட்டி முனை மழுக்குவார்கள். ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கில் மணி. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்த வகைக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வேயிலிருந்து கொரியா வரைக்கும் மண்ணுக்குள் கிடைக்கிறது. ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறையில் மணி இழுப்பது நம் காலம் வரை தொடர்ந்ததை அவர் பதிவுசெய்திருக்கிறார்.

மணியை இழுக்க உலையும் பலமான ஆளும் வேண்டும். கோப்பதற்கு அதெல்லாம் வேண்டாம், சின்ன விரலும் நல்ல கண்ணும் போதும். மணி வரலாற்றில் குழந்தை நுழையும் வாசல் இந்த இடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அரிக்கமேட்டில் யார் கோத்தார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. எழுத்தும் படமும் உள்ள காலத்துக்கு வந்தால் தெரிகிறது. அதற்கு நாங்கள் செய்துகொண்டிருந்த நட்சத்திரம் கிளம்பிய ஊருக்கே போக வேண்டும்.

*

கிறிஸ்துமஸ் மரத்தில் கண்ணாடி தொங்கவிடும் வழக்கத்தை உலகத்துக்கு விற்றது ஜெர்மனியின் துரிங்கியா மலைக்காட்டில் இருக்கும் லௌஷா என்ற சிற்றூர். 1597-இல் அங்கே கண்ணாடி உலை வைத்தார்கள். பிறகு விளக்குச் சுடரில் குழலைக் காட்டி ஊதி, உள்ளே வெற்றிடமான மணிகள் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே கை பெரிய உருண்டைகளுக்கு மாறியது. மரத்தில் தொங்கவிட ஆப்பிளும் வால்நட்டும் வாங்கக் காசில்லாத ஏழை ஊதுநர் ஒருவர் கண்ணாடியிலேயே பழம் ஊதினார் என்று கதை சொல்வார்கள். அழகான கதை, அதனாலேயே எனக்குச் சந்தேகம். அமெரிக்காவின் வூல்வொர்த் கடைகள் வாங்கத் தொடங்கியதும் ஊரே அந்தத் தொழிலுக்குள் போனது.

தொழிற்சாலை என்று தனியாக எதுவும் இல்லை, வீட்டு மேசைதான் பட்டறை. அப்பா ஊதுவார். அம்மா உள்ளே வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்குவார். சாயம் தோய்ப்பது, கழுத்தை அறுப்பது, தொப்பி மாட்டுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் பிள்ளைகள். சரக்கைப் பெரிய கூடையில் முதுகில் சுமந்து சோன்னபர்க் நகரத்து வியாபாரியிடம் பெண்கள் கொண்டுபோனார்கள். ஊரில் பண்டிகைக்கு முந்தைய மாதங்கள்தான் அதிக வேலை. அடுத்தவர் வீட்டு டிசம்பருக்காக இந்த வீட்டுப் பிள்ளைகள் இலையுதிர் காலம் முழுக்க இரவில் விழித்திருந்தார்கள்.

வரைபடத்தில் லௌஷாவில் விரலை வைத்து வடக்கே நகர்த்துங்கள். நேர்க்கோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஓபர்வைஸ்பாக். 1782-இல் அங்கே ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, ஒரு வயது முடிவதற்குள் தாயை இழந்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல். இன்னும் கொஞ்சம் வடக்கே பாட் பிளாங்கன்பர்க். 1837-இல் அங்கேதான் அவர் சின்னக் குழந்தைகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். நம்மூர் எல்கேஜி, யுகேஜி இரண்டிலும் இருக்கும் 'கே' அதுதான். விளையாட்டு என்பது குழந்தையின் வளர்ச்சியிலேயே உயர்ந்த நிலை என்பது அவருடைய கொள்கை. பந்து, உருளை, கனசதுரம், காகித மடிப்பு, பின்னல் என்று கைக்கு வேலை கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு ஜெர்மன் பிள்ளைகள் காகிதப் பட்டையில் மடிக்கும் நட்சத்திரம் இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அவரைப் பின்பற்றியவர்கள் அமெரிக்காவில் இதனோடு மணி கோப்பதைச் சேர்த்தார்கள். உருண்டை, உருளை, கனசதுர வடிவங்களில் சாயமேற்றிய மர மணிகள் அங்கே ஹெய்ல்மன் மணிகள் என்ற பெயரில் கிண்டர்கார்டன்களுக்கு விற்கப்பட்டன.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே காடு, ஒரே நூற்றாண்டு. ஒரு பள்ளத்தாக்கில் ஒருவர் குழந்தையின் கை விளையாட வேண்டும் என்று நிறுவனம் கட்டுகிறார். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு பள்ளத்தாக்கில் அதே வயதுக் கை உருண்டைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருக்கிறது. 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. நாத்திகமும் சோசலிசமும் பரப்புவதாகக் காரணம். மறு வருடம் ஃப்ரோபல் இறந்துபோனார். வீட்டில் தொழில் பார்க்கும் பிள்ளைகளைக் கவனிக்க ஜெர்மன் சட்டத்துக்கு 1903 ஆனது. அதிலும் சொந்தப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கினால் விதி தளர்வுதான்.

வெனிஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முரானோ தீவின் பொடி மணிகளைக் கோத்துச் சரமாக்கிய பெண்களுக்கு இம்பிராரெஸ்ஸே என்று பெயர். வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் மரத்தட்டு நிறைய மணி, கையில் விசிறி மாதிரி விரித்த நீண்ட ஊசிகள். ஊசிக் கற்றையை மணிக் குவியலுக்குள் செருகிச் செருகி எடுப்பார்கள், மணி தானாக ஏறும். அம்மாவிடமிருந்து மகள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்வாள். ஓவியர் சார்ஜன்ட் 1880களின் தொடக்கத்தில் இவர்களை வரைந்திருக்கிறார். இருட்டு கவிந்த அழகான படம். கூலி போதாமல் இவர்கள் 1904-இல் வேலைநிறுத்தம் செய்தது படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

செக் நாட்டின் போனிக்லா கிராமத்தில் கதை வேறு மாதிரித் திரும்புகிறது. அங்கே கண்ணாடிக் குழலைச் சூடாக்கிப் பித்தளை அச்சுக்குள் வைத்து ஊதுவார்கள். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய சரமாக வெளியே வரும். உள்ளே வெள்ளிப் பூச்சு, மேலே சாயம், பிறகு ஒவ்வொன்றாக அறுத்துக் கம்பியில் கோத்து நட்சத்திரம், சைக்கிள், சிலந்தி எல்லாம் செய்கிறார்கள். இந்தக் கைத்தொழிலை 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்தப் பட்டறைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் கொடுத்து, பிள்ளைகளை உட்காரவைத்து, மணி கோக்கவைத்துக் கூட்டிப்போகிறார்கள். கோப்பதற்குக் கூலி வாங்கியது போய், கோக்கக் காசு கட்டும் காலம்.

*

இதை அம்மாவிடம் சொன்னேன். "காசு குடுத்தா?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

கடலூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் அம்மா மணி கோத்தாள். நான் ஆறாவது படித்த வருடம் தொடங்கி நான்கு வருடம். டிவிஎஸ் 50-இல் ஒருவர் பையில் மணி கொண்டுவருவார். தராசில் எடை போட்டுக் கொடுத்து, கோத்ததை எடை போட்டு வாங்குவார். குறைந்தால் கூலியில் பிடித்தம். டர்க்கி டவல் வந்தது அதனால்தான். ஒரு மணி உருண்டு கட்டிலுக்கடியில் போனால் நானும் அக்காவும் டார்ச் அடித்துத் தேடுவோம். பொங்கலுக்குக் கடைகளில் சரக்கு இறங்க வேண்டும் என்பதால் அரையாண்டு லீவில்தான் வேலை குவியும். தெருவில் கிரிக்கெட் மட்டை சத்தம் கேட்கும்போது நான் பன்னிரண்டாவது சரத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பேன். அடித்ததில்லை, திட்டியதுகூடக் கிடையாது. "இத முடிச்சிட்டுப் போடா கண்ணு" என்பாள். அந்தச் சொல்லைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முடியவே முடியாதே அது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு மணி பிடிக்கும். வரிசை தப்பாமல் ஏறும்போது மனசு அமைதியாகும். அந்தச் சுகம் விளையாட்டிலிருந்து வந்ததா, வேலையிலிருந்து வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரியின் கல்விமுறையில் பொன்மணிகள் உண்டு. தனி மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் சேர்ந்த கனசதுரம் ஆயிரம். அதை முதன்முதலாக ஒரு பள்ளியில் பார்த்தபோது எனக்கு எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் யார் கம்பி கோத்தார்கள் என்றுதான் பார்த்தேன்.

நம் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. கூடவே ஒரு விலக்கு: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகு அல்லது விடுமுறையில், பிள்ளை உதவலாம். விடுமுறை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்துப் பெண், பூ கட்டும் பெண், கடலூரில் நான், மூன்று பேருமே இந்த விலக்குக்குள் கச்சிதமாக அடங்குகிறோம். இதை முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் பள்ளிச் சீருடை வந்தது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கே 2023 ஆனது. அதுவரை அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியைவிட மணிதான் பக்கத்தில் இருந்தது. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"ஒன்னுக்கு எவ்ளோ தருவீங்க" என்று கேட்டவளுக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாளும் வந்தாள். "காசு கெடையாதும்மா, செஞ்சத நீயே எடுத்துக்கலாம்" என்றேன். யோசித்தாள். "எத்தன செய்யணும்?" "எத்தனயும் வேணாம். புடிச்சா செய்." இந்தப் பதில் அவளுக்குப் பிடிபடவில்லை. எண்ணிக்கை சொல்லாத வேலையை எங்கே நிறுத்துவது? நான்காவதை முடித்தாள், ஐந்தாவதைத் தொடங்கினாள். மூன்று கால் ஏறியிருந்தது, நான்காவதில் பாதி. வெளியே யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கம்பியைத் துண்டின்மேல் போட்டாள், என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். எழுந்து ஓடிவிட்டாள். மணி நாலாபக்கமும் சிதறியது. தேடவில்லை.

அந்த அரை நட்சத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தேன். மணியை இனித் தொடமாட்டேன் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கையில் எடுத்தாள். விரலால் ஒவ்வொரு காலாக வருடினாள். இரண்டாவது காலில் விரல் நின்றது.

"இதுல ஒரு வெள்ள கம்மி" என்றாள். "எடை போட்டா தள்ளிருவாங்க."